வில்ஹோவின் துப்பாக்கிக்கு ஒரு போல்ட்

கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் சைமி ஒரு தடவைகூடச் சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்குள் முதல் ஆளாக நுழைந்ததில்லை. அடுப்பு மூட்டுவது அவள். ஏரியிலிருந்து தண்ணீர் சுமப்பதும், உடம்பில் தட்டிக்கொள்கிற பிர்ச் இலைக் கட்டை ஊறப்போடுவதும் அவள்தான். ஆனால் கல் காய்ந்து உள்ளே வெக்கை நிறைந்ததும் "நீ போ, நான் பின்னாடியே வரேன்" என்று புருஷனை முன்னால் அனுப்பிவிடுவாள். ஆர்வி இதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். "ராஜாவுக்குக்கூட இப்படி நடக்காதுடி" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். அவள் மறுத்துச் சொன்னதில்லை.

சைமி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பண்ணைக் கூலிக்காரரின் மகள். போர் வந்தபோது பத்தொன்பது வயது. லொட்டா பெண்கள் படையில் சேர்ந்தாள். சமையல் வேலை கிடைக்கும், வயிறாவது நிறையும் என்று நினைத்துப் போனவளுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். இந்த நாட்டில் செத்த சிப்பாயைச் செத்த இடத்திலேயே புதைத்துவிட்டு வருவதில்லை. எத்தனை தூரமானாலும் அவனவன் ஊர்ச் சர்ச்சுக்குக் கொண்டுவந்துதான் மண் தள்ளுவார்கள். அப்படி அனுப்புவதற்கு முன் யாராவது குளிப்பாட்டி, முடி சீவி, பெட்டியில் வைக்க வேண்டுமே. கைனூ காட்டுக்குள் ஒரு பண்ணைவீட்டில் அந்த நிலையம் இருந்தது. சைமியும் இன்னும் சில பெண்களும் அங்கே இருந்தார்கள்.

பார்த்ததை வெளியே பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். சைமி பேசவில்லை. சத்தியத்துக்காக என்று மட்டும் சொல்ல முடியாது. பேசினால் யாருக்கு என்ன நன்மை என்று அவளுக்குத் தெரியவில்லை.

போர் முடிந்ததும் முறையாகப் பயிற்சி எடுத்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். கோடையில் சைக்கிள், பனிக்காலத்தில் காலால் உந்தித் தள்ளுகிற சறுக்கு நாற்காலி. படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டாள், கிழவர்களின் கால் நகம் வெட்டினாள், பிரசவம் பார்த்தாள், கண்ணை மூடிவிட்டாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி "வயிறு போச்சா?" என்பதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஹீட்டாவாரா கிராமத்தில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர் சைமி. இரக்கம் காட்டுகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. அழுகிறவனுக்கு முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற ஜாதி.

ஆர்வி மரமில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவராக இருந்தவர். அவருடைய அண்ணன் வில்ஹோ. அவன் போரின் முதல் பனிக்காலத்திலேயே செத்துப்போனான். சேதியைப் பாதிரியார் கொண்டுவந்தார். அந்த நாட்களில் பாதிரியாரின் பனிச்சறுக்குத் தடம் எந்த வாசலுக்குத் திரும்புகிறது என்று ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு நாள் அது ஆர்வியின் குடும்பமான மொயிலனென் வீட்டு வாசலுக்குத் திரும்பியது. பாதிரியார் ஆர்வியின் அம்மாவுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரே நொடி. பிள்ளைக்கு ஒன்னுமே தெரிஞ்சிருக்காது." அம்மா சாகிறவரைக்கும் அந்த ஒரு நொடியை வைத்துத்தான் உயிரோடு இருந்தாள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. திறக்காமலே புதைத்தார்கள். போர் முடிந்து சில வருஷம் கழித்து, ஊர் நடனத்தில் பார்த்துப் பழகி, சைமி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள்.

துப்பாக்கி வந்தது போன வருஷம் இலையுதிர் காலத்தில். 1983. ராணுவக் கிடங்கில் கிடந்த பழைய துப்பாக்கிகள் கொஞ்சம் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்துக்கு வந்திருந்தன. எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுக்க ஆர்வியைக் கூப்பிட்டார்கள். ஒன்றைத் துடைக்கும்போது குழலின் மேல் பொறித்திருந்த வரிசை எண்ணைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் சனிக்கிழமைதோறும், ஊர்க்காவல் படையில் இருந்த அண்ணனின் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது அவருடைய வேலை. எண்ணைப் பார்க்காமல் ஒப்பித்தால்தான் வில்ஹோ தொட விடுவான். அந்த எண் ஆர்விக்குத் தன் பிறந்த நாளைவிட நன்றாக நினைவிருந்தது.

சங்கத்துக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அது வில்ஹோ கொண்டுபோன மாதிரி இல்லை. போர்க்காலத்தில் எந்தப் பட்டறையிலோ குழலைத் தாங்குகிற மரக்கட்டையை மாற்றியிருந்தார்கள். இரண்டு துண்டு மரத்தை ஒட்டிச் செய்த முரட்டுக் கட்டை. குழலைக் கட்டையோடு பிடிக்கிற பட்டையும் வேறு, தோல் வாரும் வேறு. வில்ஹோ வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்று ஆர்வி கிளம்பினார். அதே தொழிற்சாலையில் அதே வருஷங்களில் செய்த பாகமாக இருக்க வேண்டும். புதிதாகச் செய்து பழசு மாதிரித் தேய்த்தது ஆகாது. கயானி பழைய சாமான் சந்தையில் ஒரு கட்டை கிடைத்தது. பின்பக்கத்தில் ஊர்க்காவல் படையின் பித்தளை வில்லைகூட அப்படியே இருந்தது. அதற்கு ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் தார் கலந்து தேய்த்துத் தேய்த்துக் கை கறுத்தது. பிறகு பட்டைகள் வந்தன. ஒரு விதவை தன் புருஷனுடைய தோல் வாரைக் கொடுத்தாள். துப்பாக்கி அடுக்களை மேஜையிலேயே கிடந்தது. சைமி ரொட்டிக்கு மாவு பிசைய ஓரமாக இடம் ஒதுக்கிக்கொண்டாள்.

ஒவ்வொரு பாகமாகப் பொருந்தப் பொருந்த, ஆர்வி ஒரு சுற்று இளைத்தார். இதைச் சைமி நர்ஸ் கண்ணோடு கவனித்தாள். நாடி சரியாகத்தான் இருந்தது. சாப்பாடு குறைந்தது. பனி பெய்யத் தொடங்கியதும் வேறு ஒன்று ஆரம்பித்தது. வேலைக்கு நடுவில் அரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார்.

"என்ன கேக்குது?"

"ஒன்னுமில்ல. யாரோ சறுக்கிட்டு வர்ற மாதிரி."

"யாரும் வரல. மீன் சூப் ஆறுது."

ஒரு நாள் மத்தியானம் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன அவசரம் என்று கேட்டாள். "அவன் வர்றதுக்குள்ள முடிக்கணும்ல" என்றார் நிமிராமல். சொன்னது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. சைமி ஜன்னல் பக்கம் போனாள். ஏரிமேல் பனி சமமாகக் கிடந்தது. தடம் எதுவும் இல்லை. இல்லை என்று பார்த்து முடித்த பிறகுதான், தானும் பார்க்கத்தான் எழுந்துவந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. தன்மேலேயே கோபம் வந்தது. வீட்டு நாயைக் கூப்பிட்டாள். அது ஒரு மாதமாக அடுக்களைக்குள் வருவதில்லை. தார் வாடை பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடைசியில் போல்ட் மட்டும்தான் பாக்கி.

குண்டைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு அது. அந்தக் காலத்தில் துப்பாக்கியின் எண்ணையே அதன் போல்ட்டிலும் அடித்திருப்பார்கள். இதில் இருந்தது யாருடையதோ. எண் வேறு.

அதைத் தேடித்தரும் பொறுப்பை எடுத்துக்கொண்டவன் ரைமோ. தபால் பஸ் ஓட்டுகிறவன், ஐம்பது வயது, வாய் ஓயாது. பழைய துப்பாக்கிப் பாகம் என்றால் பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டு இறங்கிப்போகிறவன். ஒரு சனிக்கிழமை காலையில் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

"சிஸ்டர், காபி இருக்கா, இல்ல பெரிசு எல்லாத்தையும் துப்பாக்கிக்கு ஊத்திட்டாரா?"

"உக்காரு. வயிறு போச்சா?"

"ஐயோ, கதவத் தெறந்ததும் இதான் கேள்வியா? போச்சு, போச்சு." சட்டைக்குள்ளிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தான். "பெரிசு, கண்ண மூடிட்டுத் தொட்டுப் பாருங்க."

ஆர்வி தொட்டுப் பார்த்தார். அதே தொழிற்சாலை, அதே முத்திரை. எண் இருந்த இடத்தை யாரோ ராவி வழித்துவிட்டிருந்தார்கள்.

"வெறுமையா இருக்கே."

"வெறுமையா இருந்தா நல்லதுதானே? உங்க நம்பர அடிச்சுக்குங்க. இரும்புல நம்பர் அடிக்கிற அந்தக் காலத்து பஞ்ச்சும் கடன் வாங்கிட்டு வந்திருக்கேன். வளைவெல்லாம் அதே வளைவு. அடிச்சு, கொஞ்சம் தேச்சுவிட்டா அவங்கப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

"அது பொய்யாச்சே" என்றாள் சைமி.

"சிஸ்டர், தங்கப் பல்லு கட்டுறது பொய்யா? மெல்லுதுல்ல?"

ஆர்வி சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் ஒரு மொண்ணை ரம்பப் பல்லைக்கூட மில்லுக்குள் அனுப்பாத மனிதர். அவரே இப்போது "பஞ்ச்ச வச்சுட்டுப் போ" என்றார்.

ரைமோ காபியைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சினான். வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா ஒன்னு பெரிசு. கட்ட ஒடையும், மாத்துவாங்க. வாரு அறுந்துபோவும். போல்ட் மட்டும் எப்படித் தனியாக் காணாமப் போவுது? அது என்ன பொத்தானா, அறுந்து விழ? படையில எங்களுக்கே சொல்லித் தந்தாங்களே, அடிபட்டு விழுந்து, துப்பாக்கியத் தூக்க முடியலன்னா, போல்ட்ட உருவித் தூரமா வீசிரு, எதிரி கையில உருப்படியாக் கெடைக்கக் கூடாதுன்னு. அப்ப உங்கண்ணன்…"

"காபியக் குடிச்சிட்டுக் கெளம்பு" என்றார் ஆர்வி.

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"பஸ்ஸு காத்திருக்கு, போ."

ரைமோ சைமியைப் பார்த்தான். அவள் தொப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

கதவு சாத்தியதும் சைமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த மனிதர் ஏன் இளைத்தார், ஏன் காது கொடுத்தார் என்று. ரைமோவுக்குத் தெரிந்தது ஆர்விக்குத் தெரியாதா? போல்ட் மாறியிருக்கிறது என்று பார்த்த முதல் நாளே தெரிந்திருக்கும். ஒரே நொடியில் செத்தவன் போல்ட்டை உருவ மாட்டான். எண் பொருந்திவிட்டால் அந்தக் கேள்வி இல்லை. துப்பாக்கி முழுசாக இருந்தால், வில்ஹோ ஒரு நொடியில்தான் செத்தான். அதற்காகத்தான் இத்தனை எண்ணெய், இத்தனை தார்.

பதில் அவளிடம் இருந்தது. நாற்பத்துநாலு வருஷமாக இருந்தது.

மத்தியானம் ஆர்வி போல்ட்டை வைஸ் இடுக்கியில் இறுக்கினார். பஞ்ச்சுகளை வரிசையாக அடுக்கினார். "சைமி, இங்க வா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ பஞ்ச்ச நேராப் பிடி. நான் அடிக்கிறேன்."

வந்தாள். முதல் இலக்கத்தை எடுத்து இரும்பின் மேல் நிறுத்தினாள். அவளுடைய கை எப்போதும் போல அசையாமல் நின்றது. ஆர்வி சுத்தியலை எடுத்தார். தலைக்கு மேல் தூக்கினார்.

"அடிக்காத" என்றாள்.

"ஏன், கோணலா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு. சுத்தியலக் கீழ வை. அந்தப் போல்ட்ட நான் பாத்திருக்கேன்."

"எந்தப் போல்ட்ட?"

"உங்கண்ணன் போல்ட்ட. அவன் கையில இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

ஆர்வி சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சைமி நோயாளியின் வீட்டாரிடம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். அந்தப் பனிக்காலத்தில் வந்தவர்கள் எல்லோரும் விறைத்துப்போய் வந்தார்கள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அப்படியே பெட்டியில் வைக்க முடியாது. பண்ணைவீட்டுச் சௌனாவை மிதமாகச் சூடுபண்ணி, பலகையில் கிடத்தி, இளக வைப்பார்கள். இளகும்போது சத்தம் வரும். மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். மூச்சு இல்லை, உள்ளே இருக்கிற காற்று. கை மெல்ல இறங்கும். அதுவும் பனி விடுவதுதான். இளகிவிட்டார்களா என்று முதலில் உள்ளே போய்ப் பார்க்கும் வேலை சைமிக்கு.

"வில்ஹோன்னு எப்படித் தெரியும்?"

"கழுத்துல தகடு இருந்துச்சு. அப்ப எனக்கு அவனப் பழக்கம் இல்ல. ஆத்துக்கு அக்கரை மொயிலனென் வீட்டுப் பையன், அவ்வளவுதான்."

"எங்க அடி?"

"தொடையில."

தொடையில் அடிபட்டவன் ஒரே நொடியில் சாவதில்லை என்று மரமில்லில் வேலை பார்த்தவருக்குச் சொல்லத் தேவையில்லை.

"அதுக்கு மேல பெல்ட்ட இறுக்கிக் கட்டியிருந்தான். அவனேதான் கட்டியிருக்கணும், முடிச்சு அப்படி. இடது கையில உறை இருந்துச்சு, வலது கையில இல்ல. வெறுங்கையில போல்ட்டப் பிடிச்சிருந்தான். இரும்போட தோல் ஒட்டிப்போச்சு. பிடுங்கக் கூடாதுன்னு இளகற வரைக்கும் விட்டேன். திரும்பி வந்து பாத்தா, வெரல் தானா விரிஞ்சு கெடந்துச்சு. உள்ளங்கையில அது இருந்துச்சு. 'இந்தா'ன்னு குடுக்கிற மாதிரி."

கையில் இருந்த பஞ்ச்சை வரிசையில் திரும்ப வைத்தாள்.

"எடுத்துத் தொடச்சு, வாசல்ல ஆயுதப் பெட்டி வச்சிருந்தாங்க, அதுல போட்டேன். அதான் உத்தரவு. அப்புறம் அவனக் குளிப்பாட்டி, சவத்துக்குப் போடுற காகிதச் சட்டை போட்டு, முடி சீவிவிட்டேன். சுருட்ட முடி. சீவச் சீவ எழும்புச்சு."

"எவ்வளவு நேரம் இருந்திருப்பான்?"

"தெரியாது. அந்தக் குளிருல ரொம்ப நேரம் இருக்க முடியாது. கடைசில தூக்கம் மாதிரிதான் வரும்."

"இது நர்ஸ் சொல்றதா, என் பொண்டாட்டி சொல்றதா?"

"நர்ஸ். பொண்டாட்டின்னா, ஒரு நொடிதான்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். இத்தன வருஷமா சொல்லாமத்தான இருந்தேன்."

ஆர்வி எழுந்து, மேலங்கியைக்கூட எடுக்காமல் வெளியே போனார். சைமி பின்னால் போகவில்லை. அங்கியை வாசல் கைப்பிடியில் தொங்கவிட்டாள். அவர் ஏரிக்கரை வரை போய் நின்றது ஜன்னலில் தெரிந்தது. அவள் உருளைக்கிழங்கு சீவினாள். நடுநடுவே எட்டிப் பார்த்து, நிற்கிறாரா, உட்கார்ந்துவிட்டாரா என்று கவனித்தாள். உட்கார்ந்தால் போய்க் கூட்டிவர வேண்டும். உட்காரவில்லை.

திரும்பி வந்தபோது அங்கி தோளில் இருந்தது. முகம் சிவந்திருந்தது.

"தூக்கிப் போடல" என்றார்.

"என்ன?"

"போல்ட்ட. உருவித் தூக்கிப் போடணும். பனியில விழுந்தா எவனும் தேடி எடுக்க முடியாது. அதான் பாடம். எனக்கே அவன்தான் சொல்லிக் குடுத்தான், எட்டு வயசுல. அவன் உருவியிருக்கான், போடல. கையிலயே வச்சிருந்திருக்கான்." மூச்சு வாங்கினார். "ஏன்னு தெரியுதா? திருப்பி மாட்டலாம்னுதான். யாராச்சும் வந்து தூக்கிட்டுப் போவாங்க, துப்பாக்கியையும் எடுத்துக்கலாம், மாட்டிக்கலாம். யாரோ வருவாங்கன்னு காத்துட்டிருந்திருக்கான், சைமி. சறுக்குக் கட்டச் சத்தம் கேக்குதான்னு."

சைமியின் கத்தி நின்றது. அவள் எத்தனையோ தடவை அந்தக் கையை நினைத்திருக்கிறாள். வலியை நினைத்தாள், குளிரை நினைத்தாள். இதை நினைத்ததில்லை. துப்பாக்கியை அறிந்த ஆர்விக்குத்தான் அது தெரிந்தது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னது சொன்னதுதான். "கையக் காட்டு" என்றாள். அவருடைய விரல்கள் வெளுத்திருந்தன. வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து அதில் வைத்தாள். நகக்கண்ணில் நிறம் திரும்பும்வரை அவரை எழ விடவில்லை.

பிறகு ஆர்வி எண் இல்லாத போல்ட்டை வைஸிலிருந்து கழற்றி, பஞ்ச்சுகளோடு சேர்த்துத் துணியில் முடிந்து வைத்தார். துப்பாக்கியை எடுத்தார். விசையை அழுத்திப் பிடித்து, அதில் கிடந்த வேற்றாள் போல்ட்டைப் பின்னால் இழுத்தார். அது கையோடு வந்தது. அதையும் முடிச்சில் போட்டார். துப்பாக்கியைச் சுவரில் மாட்டினார். போல்ட் இருந்த இடம் கருப்பாகத் திறந்து கிடந்தது.

அடுத்த வாரம் ரைமோ வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "என்ன பெரிசு, இத்தன பாடுபட்டு அரைகுறையா விட்டுட்டீங்க?"

"அரைகுறை இல்ல. சரியா இருக்கு."

"எந்த வருஷத்துக்குச் சரியா இருக்கு?"

"வருஷத்துக்கு இல்ல" என்றார் ஆர்வி. "அவன் கடைசியா வச்சிருந்த மாதிரி இருக்கு." ரைமோ ஏதோ சொல்ல வாயெடுத்து, சைமியின் முகத்தைப் பார்த்து, காபி கேட்டான்.

ஆர்வி சாப்பிட ஆரம்பித்தார். காது கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. இப்போது அதற்காக அரத்தைக் கீழே வைப்பதில்லை, அவ்வளவுதான். பனி பெய்கிற நாளில் வாசல் விளக்கைப் பகலிலேயே போட்டுவைக்கிறார். எதற்கு என்று சைமி கேட்கவில்லை. அணைக்கவும் இல்லை.

சைமி எல்லாவற்றையும் சொன்ன அந்தச் சனிக்கிழமையே, சாயங்காலம் சௌனா காய்ந்ததும் ஆர்வி துண்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. "இதுக்குத்தானா இத்தன வருஷமா என்னைய முன்னாடி அனுப்புன?" என்று கேட்டார்.

"ஆமா."

"ராஜ மரியாதைன்னு நெனச்சேன்."

"நெனச்சா நெனச்சுட்டுப் போ."

இருவரும் சேர்ந்தே நுழைந்தார்கள். ஆர்வி மேல்பலகையில் ஏறிக்கொண்டார், சைமி கீழே உட்கார்ந்தாள். அவர் கல்மேல் ஒரு கரண்டி தண்ணீர் விட்டார். ஆவி மெதுவாக மூச்சுவிட்டு எழுந்து கூரையைத் தொட்டு இறங்கியது. பலகையில் எங்கோ மரம் சடக்கென்றது. சூட்டில் மரம் அப்படித்தான் சத்தம் போடும்.

ஆர்வி என்னவோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. தன் வலது கை முழங்காலின் மேல் மல்லாந்து, விரிந்து கிடப்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். யாரோ எதையோ கொடுக்க, வாங்கிக்கொள்ள நீட்டிய கை மாதிரி இருந்தது. மடக்கிக்கொண்டாள். அந்த வெக்கையிலும் உள்ளங்கை மட்டும் இரும்பைப் பிடித்த மாதிரி சில்லென்று இருந்தது.